கதவுக்கு மேலே கரி

புது வீட்டைச் செபம் சொல்லி மந்திரிக்கச் சுவாமியார் வரும் நேரம். பலகாரத்தட்டோடு வந்த பக்கத்து வீட்டு டினோஜா வாசலிலேயே திகைத்துப்போனாள். தகரம் வெட்டித் தன் கையாலேயே செய்த கூட்ஸ் றெயில் பெட்டியை மடியில் வைத்து, அந்தச் சின்னஞ்சிறு பெட்டிக்குத் துருநிறம் பூசிக்கொண்டிருந்தார் அமிர்தநாயகம்.

"ஐயோ அண்ணை, நல்ல சாமானை ஏன் பழுதாக்கிறியள்? அக்கா கண்டால் ஏசப்போறா!"

"அந்தப் பயத்திலதான் பூசுறன், பிள்ளை."

குசினியிலிருந்து வந்த அவர் மனைவி மார்த்தா பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"என்னப்பா இது? கதவுக்கு மேல கரி எங்க?"

கேட்ட கையோடு உள்ளே போய், பானையின் அடிக்கரியை விரலில் தொட்டு வந்து கதவுக்கு மேலே தடவினாள்.

டினோஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கூட்ஸ் பெட்டியில சாமான்தானே ஏத்துறது. அடுப்புக்கரி எப்பிடியக்கா வரும்?"

"போன கிழமைவரைக்கும் அதுக்குள்ளதானே சமைச்சனான்! சண்டை முடிஞ்சு ஊருக்குத் திரும்பி வந்த நாள் தொட்டு, ஸ்டேசனடியில கிடந்த கூட்ஸ் பெட்டிதான் எங்களுக்கு வீடு."

மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு மார்த்தா சிரித்தாள்.

"சுவாமி முதல்ல இதை மந்திரிக்கட்டும். இவ்வளவு காலமும் மந்திரிக்காமலெல்லோ குடியிருந்திட்டம்!"