நாலு தொண்டை

பதிவு நடப்பதற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கு எரிகிறது. நாளை வானொலியில் அறிவிக்கப்போகும் புதிய அரசியல் சட்டத்துக்காக, பின்னணிப் பாடகி இன்னும் மூன்று பெண்களோடு நின்று, "மக்களாகிய நாம் இதை ஏற்றுக்கொள்கிறோம்" என்று அடிவயிற்றிலிருந்து சொல்கிறாள். மைக்கை ஒட்டி ஒருமுறை, சுவரைப் பார்த்து ஒருமுறை, கிழவியைப்போல ஒருமுறை. "அதுல அப்படி என்னதான் எழுதியிருக்கு தம்பி?" என்று கண்ணாடிக்கு அப்பாலிருக்கும் ஒலிப்பதிவாளனைக் கேட்கிறாள். "யாருக்குத் தெரியும்க்கா? மூச்சு கேக்குது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க." பதிந்ததையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவன் குமிழைத் திருக, நாலு தொண்டை நாலாயிரமாகி, ஒரு தேசமே திரண்டு முழங்குவதுபோல் அறை அதிர்கிறது. கூட்டத்தில் கைநழுவிய பிள்ளையைத் தேடுவதுபோல் அவள் அதில் தன் குரலைத் தேடுகிறாள். அகப்படவில்லை. "நான் ஏத்துக்கலையே தம்பி" என்கிறாள். சிவப்பு விளக்கோடு மைக்கும் எப்போதோ அணைந்துவிட்டது. அவள் வாயசைவதைப் பார்த்துவிட்டு, பிரமாதம் என்று அவன் கட்டைவிரலை உயர்த்துகிறான்.