ஏழாவது வயர்

“யார் மேடம் இதையெல்லாம் பிடுங்கினது?”

வெண்டல் ரிப்பேர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியைப் பார்த்தார். சுவரை அடைத்து நின்ற மரச் சட்டம். வரிசை வரிசையாகக் குமிழ்கள், துளைகள். துளைகளை இணைக்க வேண்டிய ஏழு வயர்களும் மேசைமேல் கிடந்தன.

“நான்தான்,” என்றார் லோர்னா. “தூசி தட்டினேன்.”

“பேசாம சோப்புப் போட்டுக் கழுவியிருக்கலாமே. ஃபேக்டரியிலேருந்து எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேன். இப்படி ஒண்ணு விடாம பிடுங்கினவங்களைப் பார்த்ததில்ல.”

“திரும்பச் செருகிட முடியாதா?”

“எதை எங்கேன்னு செருகுறது? இது பியானோ இல்ல மேடம். ஒரு வயர் மாறினா வேற சத்தம். பிடுங்கிட்டா போச்சு. இதுக்கு ஞாபகம்னு ஒண்ணு கிடையாது. யாராவது தாள்ல குறிச்சு வச்சிருக்கணும்.”

“அவர் குறிக்கலை. எல்லாம் காதுல இருக்குன்னுடுவார்.”

“யாரு?”

“என் வீட்டுக்காரர்.”

“எல்லாப் புருஷனும் சொல்றதுதான்.” வெண்டல் சிரித்தார். “என்ன சத்தம் அது?”

ஜன்னலுக்கு வெளியே ஏரி வெள்ளையாக உறைந்து கிடந்தது. லோர்னா அதைப் பார்த்தபடி சொன்னார்.

“குளிர் ஏறினா ஏரியில பனி விரிசல் விடுமே, அது. உச்சியில ஆரம்பிச்சு வழுக்கிக்கிட்டே கீழே விழும். கல்யாணத்துக்கு முன்னாடி அதைக் கேக்கத்தான் என்னைக் கூட்டிட்டுப் போனார். நான் பயந்து அழுதுட்டேன். அடுத்த வாரம் அதையே இதுல பண்ணிக் காட்டி, ‘இப்போ அழு பார்ப்போம்’னார். நேத்து வரைக்கும் இருந்தது. எனக்கு அது வேணும். மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்.”

“அவரே வந்து செருகட்டுமே?”

“அவர் வரமாட்டார்.”

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். “மன்னிச்சுக்குங்க மேடம்.”

பிறகு ஸ்விட்சைப் போட்டார். “அரை மணி நேரம் சூடாகட்டும். குளிர்ல சுருதி நிக்காது.”

அரை மணி நேரமும் இருவரும் காபி குடித்தார்கள். ஆப்பிள் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டார் வெண்டல். லவங்கப்பட்டை கொஞ்சம் அதிகம் என்றார். அப்புறம் எழுந்து போய் முதல் வயரை எடுத்தார்.

“இதை டிசைன் பண்ணினவன் இடது கைக்காரன் மேடம். முக்கியமான குமிழெல்லாம் இந்தப் பக்கம். வாங்குறவனைப் பத்தி யோசிக்கவே இல்ல, மடையன்.”

திட்டிக்கொண்டே இடது கையால் வயரைச் செருகினார். இரண்டாவது. மூன்றாவது. குமிழ்களைப் பார்க்காமலே திருப்பினார். நான்காவதில் பெருமூச்சு போல ஓர் இரைச்சல் வந்தது. ஐந்தாவதில் அது ஒடுங்கியது. ஆறாவதில், கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தடவியதுபோல் மெல்லிய ஒலி உச்சியில் எழுந்தது.

லோர்னா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஏழாவது, சிவப்பு வயர். வெண்டல் அதை ஒரு துளைக்குக் கொண்டுபோனார். நிறுத்தினார். இன்னொரு துளைக்குக் கொண்டுபோனார். வயரின் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கீழே விழணும்,” என்றார் லோர்னா மெதுவாக. “சத்தம் நேரா நிக்குது பாருங்க. வழுக்கி விழணும்.”

வெண்டல் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார். பிறகு சிவப்பு வயரை மேசையிலேயே வைத்தார்.

“இது தேவையில்ல மேடம். உபரி வயர். எல்லாப் பெட்டியிலும் ஒண்ணு கூடுதலாத்தான் வைப்பாங்க.”

ஒலி உச்சியிலேயே நின்றுகொண்டிருந்தது.

“சரியா வந்திருக்கா?” அவர் லோர்னாவின் முகத்தையே பார்த்தார்.

“அப்படியே இருக்கு.”

“நான்தான் சொன்னேனே.” முகம் மலர்ந்தது. “கை கழுவணும். எந்தப் பக்கம்?”

“வலது பக்கம், ரெண்டாவது கதவு.”

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஃபோன் அடித்தது. பாஸ்டனிலிருந்து மகள் டெஸ்.

“அம்மா, அப்பா இன்னிக்கும் ஏழு வயரையும் செருகிட்டாரா?”

“ஆறு.”

லோர்னா ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நாளைக் காலை ரிப்பேருக்கு வரப்போகிறவருக்காக ஆறு வயர்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார்.