கந்தப்பனின் பொறுமை

"யாரு பெத்த மகளோ, புத்தி பிசகி நம்ம ஊட்டுல வந்து தங்கிருச்சுங்க. தொரத்தியுட மனசு வரலீங்க" என்றார் கந்தப்பன், அடுக்களைப் பக்கம் கண்ணைக் காட்டி.

எதிரே உட்கார்ந்திருந்தவர் சூரமங்கலத்திலிருந்து வந்திருந்த ரயில்வேக்காரர். யுத்தம் நடப்பதால் லீவே கிடைப்பதில்லை என்று வந்ததும் வராததுமாக வருத்தப்பட்டவர், அதற்கப்புறம் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. மனசு விட்டுப் பேச இப்படி ஓர் ஆள் வாய்த்து வெகுநாளாயிற்று.

அந்தக் கிழவி படுத்துகிற பாட்டைக் கந்தப்பன் ஒவ்வொன்றாகச் சொன்னார். இதைத் தன் வீடு என்கிறாளாம். பண்ணையாளை அதட்டி வேலை வாங்குகிறாளாம். அவர் காட்டுக்குப் புறப்பட்டால் பின்னாலேயே வருகிறாளாம். திருச்செங்கோட்டு மலைக்குக்கூடத் தனியாக விடுவதில்லையாம். கோபம் வரும்போதெல்லாம் அவர் "முருகா" என்று விபூதியை அள்ளிப் பூசிக்கொள்வார். இன்று காலையிலிருந்து பூசியதில் நெற்றியோடு புருவமும் வெளுத்திருந்தது.

"எம் பொஞ்சாதி பள்ளிபாளையத்துக்கு, அவ அம்மா ஊட்டுக்குப் போயிருக்கா. அவ வந்தா இதை ஒரு பொழுது வெச்சிருக்க மாட்டாங்க. எம் பொறுமை அவளுக்குக் கெடையாது."

அப்போது கிழவி மருந்துக் கிண்ணத்தோடு வந்தாள். கசக்கிறது, நீங்கள் முதலில் குடித்துக் காட்டினால்தான் குடிப்பேன் என்று பிடிவாதமாக நின்றாள். கந்தப்பன் விருந்தாளியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கிண்ணத்தை வாங்கி முக்கால்வாசியைக் குடித்தார்.

"தெனமும் இப்படித்தானுங்க. அடுத்தவங்களுக்காகக் கசப்பை முழுங்கறதுதானுங்களே பக்தி."

கிழவி கைகூப்பி, அவர் புண்ணியத்தில்தான் தன் காலம் ஓடுகிறது என்றாள். கந்தப்பனுக்கு மனசு நிறைந்துவிட்டது. அந்த நிறைவிலேயே சாய்ந்து கண்ணை மூடினார்.

கிழவி கிண்ணத்தோடு உள்ளே போக, ரயில்வேக்காரரும் பின்னாலேயே போனார். அடுக்களைக்குள் நுழைந்ததும் அவர் குரல் உடைந்தது.

"அப்பாவுக்கு எப்ப இருந்தும்மா என்னையும் அடையாளம் தெரியாமப் போச்சு?"

சென்னியம்மாள் மகனின் கண்ணை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"போவுது உடு சாமி. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து, நான் சொல்லி அவரு ஒண்ணைக் கேக்கறது இப்பத்தான்."