முன்னாடி போங்கண்ணா

ஒன்பது மாதப் பெண் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தடுப்பூசி வரிசையில் வந்து நின்றான் லிஃப்ட் மெக்கானிக்.

முன்னால் பதினோரு பெண்கள், பதினோரு குழந்தைகள். மருந்துக்குக்கூட ஒரு ஆண் இல்லை.

குழந்தை சிணுங்கியது. அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். செய்தது அவ்வளவுதான்.

அவனுக்கு முன்னால் நின்ற கண்ணாடி போட்ட பெண் திரும்பிப் பார்த்து உருகிவிட்டாள்.

"நீங்க முன்னாடி போங்கண்ணா. எங்க வீட்டுக்காரர் குழந்தையத் தூக்கினா, தலை எது கால் எதுன்னு நான்தான் சொல்லணும்."

"பரவாயில்லைங்க" என்று ஒரு தடவை சொன்னான். இரண்டாவது தடவை சொல்வதற்குள் கால்கள் நகர்ந்துவிட்டன.

அப்புறம் ஆளாளுக்கு ஒதுங்கினார்கள். பத்து வருடமாக ஊரையே மாடிக்கு ஏற்றி இறக்குகிறவன்; தன்னை யாரும் ஒரு படி ஏற்றிவிட்டதாக அவனுக்கு ஞாபகமில்லை.

பாதி வழியில் குழந்தை நனைத்துவிட்டது. பெஞ்சில் கிடத்தி, யாரோ நீட்டிய டயப்பரை வாங்கி மாற்றினான். முன்பக்கம் பின்னால் போய்விட்டது. ஒருத்தி வந்து சிரிக்காமல் அதைச் சரிசெய்துவிட்டு, ஆம்பிளைக்கு இதாவது செய்யத் தோன்றுகிறதே என்று பக்கத்திலிருந்தவளிடம் வியந்தாள். பக்கத்திலிருந்தவள் அன்று காலையிலிருந்து மூன்று டயப்பர் மாற்றியிருந்தாள். அவளும் நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினாள்.

வரிசையில் முதல் ஆளாக நின்றவள் மெதுவாகக் கேட்டாள். "குழந்தையோட அம்மா...?"

பதில் சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் அவன் எதிர்ச் சுவரைப் பார்த்தான். கை கழுவும் முறையை ஆறு படங்களாக ஒட்டியிருந்தார்கள். ஆறையும் நிதானமாகப் படித்தான்.

போதாதா? ஒருத்தி, விட்டுவிட்டு ஓடிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டாள். இன்னொருத்தி, வெளிநாட்டில் வேலை என்று பின்னால் நின்றவளுக்குச் சொன்னாள். கேட்டவளோ அந்த அம்மாவை ஒரேயடியாகச் சாகடித்தே விட்டாள். அவள் கண் கலங்கியது.

அவன் எதையும் மறுக்கவில்லை.

பச்சைக் குழந்தையைத் தனியாளாக வளர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்கே தோன்ற ஆரம்பித்தது. அப்பன்மார் படுகிற பாட்டை யார் நினைத்துப் பார்க்கிறார்கள் என்று ஒரு பெருமூச்சுகூட வந்தது.

முதல் ஆளும் விலகி நிற்க, அவன் உள்ளே போய் உட்கார்ந்தான். அறைக்கதவு திறந்தே கிடந்தது. நர்ஸ் புது அட்டை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள். பிறந்தபோது எடை எவ்வளவு? போன ஊசி என்றைக்கு, எந்தத் தொடையில்? அதற்கப்புறம் காய்ச்சல் வந்ததா? முட்டை ஒத்துக்கொள்கிறதா?

அவன் குழந்தையைப் பார்த்தான். குழந்தை அவனைப் பார்த்தது. இருவரில் குழந்தைக்குத்தான் கொஞ்சம் தெரிந்திருக்கும் போலிருந்தது.

"ஒரு நிமிஷம். போன் பண்ணிக் கேட்டுடறேன்."

அம்மாவைச் சாகடித்தவள் புருவத்தைச் சுருக்கினாள்.

அவன் எண்ணை அழுத்தினான். வராந்தாவில், வரிசையின் கடைசியில், ஒரு போன் அடித்தது.

எல்லாரும் திரும்பினார்கள்.

தோளில் பெரிய பை, கையில் பால் புட்டி, இடுப்பில் ஒரு பையன். வாடகைக் காரிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி எடுத்துக்கொண்டு வர அவளுக்குக் கொஞ்சம் நேரமாகியிருந்தது. அவள் வந்து நின்றதை அவன் பார்க்காமல் இல்லை. சுவரைப் பார்ப்பதற்குச் சற்று முன்னால்தான் பார்த்தான்.

பையனுக்கும் மெக்கானிக்கின் மடியிலிருந்த பெண்ணுக்கும் ஒரே மூக்கு, ஒரே முழி. ஒரே நாளில் பிறந்தவர்கள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சொன்னாள். இரண்டு கிலோ நூறு. ஏப்ரல் ஆறாம் தேதி, வலது தொடை. இரண்டு நாள் காய்ச்சல். முட்டையில் மஞ்சள் கரு மட்டும்.

நர்ஸ் வராந்தாவிலிருந்து வந்த குரலைக் கேட்டே எழுதிக்கொண்டாள். போன் அவன் காதில் சும்மா இருந்தது.

ஊசி இறங்கியது. குழந்தை வீறிட்டது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவன் வெளியே வந்து, தலையைக் குனிந்தபடி வரிசையின் கடைசிவரை நடந்தான்.

அங்கே கண்ணாடிக்காரி அவன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்து வெச்சவம்மா நீ. ஒண்ணையாவது தூக்கிக்கிறாரே."

மனைவி அவளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். முன்னால் நின்றவர்களை ஒரு தடவை எண்ணினாள். கட்டாயம் ஏதாவது சொல்லப்போகிறாள் என்று அவன் காத்திருந்தான். வீட்டுக்குப் போய்ச் சொல்வாள் என்றால் இன்னும் மோசம்.

அவள் அழுகிற மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பையனை அவன் கையில் கொடுத்தாள்.

"இவனையும் தூக்கிட்டுப் போங்க. நீங்க போனா சீக்கிரம் முடிஞ்சிடும்."

சொல்லிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

அவன் தயங்கித் தயங்கி ஒரு அடி எடுத்து வைத்தான்.

கண்ணாடிக்காரி தன் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, முதல் ஆளாக ஒதுங்கி வழிவிட்டாள்.