வேகமாகத் தட்டினால் நட

கம்பம் பேசவில்லை.

அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். வெயிலில் காய்ந்த இரும்பு. உள்ளே எப்போதும் இருக்கும் அந்த அதிர்வு இல்லை.

நேற்று மாலைவரை இருந்தது.

மெதுவாகத் தட்டினால் நில். வேகமாகத் தட்டினால் நட. சிக்னல் கம்பத்துக்குள் உட்கார்ந்து யாரோ விரலால் தட்டுவதுபோல் ஒரு சத்தம். பார்வையில்லாதவர்களுக்காக வைத்தது. அது வந்த பிறகுதான் இந்தச் சாலையை அவள் தனியாகக் கடக்க ஆரம்பித்தாள்.

பஸ் ஒன்று முகத்தில் காற்றை அடித்துவிட்டுப் போனது.

வெள்ளைக்கோலை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

"ஏனம்மணி, அந்தப் பக்கம் போகோணுங்களா?"

வயதான ஆண் குரல். விபூதி வாசனை. கையில் ஏதோ பை சரசரத்தது.

"சத்தம் வரலைங்களே" என்றாள்.

"அதுங்களா?" குரலில் சந்தோஷம். "நிறுத்தியாச்சுங்க. நேத்து ராத்திரி வந்து ஒயரைக் கழட்டீட்டுப் போய்ட்டாங்க. நான் எதுத்தாப்பல அபார்ட்மெண்ட்டு செகரட்டரிங்க, கந்தவேல். வெச்ச நாள்லருந்து அலைஞ்சு நிறுத்துனது நாந்தான்."

அவள் கம்பத்திலிருந்து கையை எடுத்தாள்.

"விடிய விடிய டொக்கு டொக்குன்னு. மனுசன் தூங்க வேண்டாமுங்களா? பேத்தி வேற ப்ளஸ் டூ."

"ராத்திரிக்கு மட்டும் நிறுத்தியிருக்கலாமுங்களே."

"நாங்களும் மொதல்ல அதத்தான் கேட்டோம். தெனமும் யாரு வந்து போடறது, யாரு வந்து அணைக்கறதுன்னு கேட்டாங்க. நியாயந்தானுங்களே." பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறியது. "மிஷினு என்னத்துக்கு அம்மணி? நாங்கெல்லாம் இல்லியா? கையைப் புடிச்சுக் கூட்டீட்டுப் போக இந்த ஊர்ல ஒரு ஆளு கெடைக்காமயா போயிரும்?"

அவர் நல்லவர்.

அதுதான் கஷ்டம்.

கைபேசி அதிர்ந்தது. அண்ணன்.

தினமும் இந்த நேரத்துக்கு அழைப்பான். பட்டறையில் லேத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பேசுவான். போனைக் கம்பத்தருகே பிடிக்கச் சொல்வான். வேகமான தட்டல் காதில் விழுந்தால்தான் 'போ' என்பான்.

அவளைத் தனியாக அனுப்புவதற்கு அவன் போட்ட ஒரே நிபந்தனை அது. சத்தம் கேட்காத அன்று அங்கேயே நில். வந்து வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். அதோடு பாங்கு வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

சும்மா சொல்கிறவன் இல்லை.

இதே சாலையில் ஒருநாள் பைக் மோதிக் கிடந்த அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன்.

"என்ன பாப்பா, சிக்னலுக்கு வந்துட்டியா?"

"வந்துட்டண்ணா."

"காட்டு."

அவள் கையை உயர்த்தினாள். கந்தவேல் பேச்சை நிறுத்தினார்.

போனைக் கம்பத்தோடு ஒட்டிப் பிடித்தாள். கோலைத் தூக்கி, நுனியால் இரும்பைத் தட்டினாள்.

மெதுவாக.

டொக். டொக். டொக்.

பிறகு வேகமாக.

ஒரு தட்டுகூடப் பிசகவில்லை. மாதக்கணக்கில் கேட்ட சத்தம்.

போனில் லேத்து இரைந்துகொண்டிருந்தது.

"சரி. போ. பாத்துப் போ."

வைத்துவிட்டான்.

கந்தவேல் சிரித்தார்.

"அச்சு அசலா அதே சத்தமுங்க. என்ற சம்சாரம் கேட்டிருந்தா மறுக்காப் போட்டுட்டாங்கன்னு என்னையத்தான் திட்டியிருப்பா."

கையைப் பிடித்தார்.

கோல் இருந்த கையை.

இழுத்துக்கொண்டு நடந்தார். கோல் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டு வந்தது. நடுச்சாலையில் ஒருமுறை "ஓடுங்க" என்றார்.

ஓடினாள்.

நடைபாதை விளிம்பில் கால் இடறியதும் கையை விட்டார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"எத்தன மணிக்குத் திரும்புவீங்க?"

"ஆறரைங்க."

"ஆறரைக்கு நான் கோயிலுக்குப் போயிருவனே."

கொஞ்சம் யோசித்தார்.

"பரவால்ல அம்மணி. யாராச்சும் இருப்பாங்க."

அவருடைய செருப்புச் சத்தம் வண்டிகளின் இரைச்சலுக்குள் போய்விட்டது.

அவள் உடனே நகரவில்லை.

இந்தப் பக்கமும் ஒரு கம்பம் உண்டு. மாலையில் நிற்க வேண்டிய கம்பம். அண்ணன் அப்போதும் அழைப்பான்.

தேடித் தொட்டாள். இதற்கும் உயிரில்லை.

கோல் நுனியால் ஒருமுறை தட்டினாள்.

மந்தமாக வந்தது. அட்டையைத் தட்டியதுபோல.

தடவிப் பார்த்தாள். போஸ்டர். அதன்மேல் போஸ்டர். அதன்மேல் இன்னொன்று. பசை காய்ந்து தடித்துக் கிடந்தது.

நகத்தை ஒரு ஓரத்தில் கொடுத்து உரித்தாள். ஒரு பட்டை வந்தது. அடுத்தது வர மறுத்தது. நகக்கண் எரிந்தது. விடாமல் உரித்தாள். விரலுக்கு இரும்பு தட்டுப்படும்வரை.

பாங்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

மறுபடி தட்டினாள்.

டொக்.

இது போதும்.