தோணியில ஒட்டுமா?

சாக்கைச் சீதேவிப்பிள்ளை கையால் தொடவில்லை. பாய், தலையணை, சோறு தின்ற கோப்பை எல்லாவற்றையும் அதற்குள் தள்ளி, வாயைக் கட்டி, உலக்கை நுனியில் கொளுவி வாவிக்கரைக்குத் தூக்கி வந்தாள். குமட்டலில் முகம் கோணிப்போயிருந்தது.

"பாத்து. உடம்பில முட்டாமப் புடி," என்றான் அவள் புருசன் நல்லரத்தினம். தென்னை மரத்தடியில் தள்ளி நின்றான். சால்வையால் மூக்கையும் வாயையும் பொத்தியிருந்தான்.

நோய் அவளுடைய தங்கை கண்ணகைக்கு. கீழுதட்டில் கொப்புளங்கள் நெருக்கமாக எழும்பி, உடைந்து, நீர் கசிந்து, மஞ்சள் பொருக்குக் கட்டியிருந்தன. ஆவணியில் அவளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் தெரியாது.

அவர்களுக்குச் சொல்லிக் கலியாணத்தை நிற்பாட்டவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நல்லரத்தினம்தான். கண்ணகை குடித்த சிரட்டையை எரிக்கச் சொன்னான். அவள் தொட்ட கிணற்றுக் கயிற்றை மாற்றச் சொன்னான். அவள் குந்தியிருந்த வாங்குப் பலகையில் சாணித் தண்ணீரை ஊற்றினான். அவள் மூச்சுக்கூடப் படக்கூடாதென்று தன் படுக்கையையும் சாப்பாட்டையும் வளவு மூலையிலிருந்த ஓலை வாடிக்கு மாற்றிக்கொண்டான்.

சீதேவிப்பிள்ளை சாக்கை இறக்கினாள்.

"நேத்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனன். அப்போதிக்கரி ஐயா சொல்றார், இது அக்கியாம். கோப்பையால பாயால ஒட்டுறது அருமையாம். புண் வாய் மற்ற வாயில பட்டாத்தான் ஒட்டுமாம்."

"கேட்டியா? அவர் படிச்ச மனிசன், பூசி மெழுகிச் சொல்றார். நான் உடைச்சுச் சொல்றன். எவன்டயோ வாய் பட்டிருக்கு. யுத்தத்துக்கு வந்த பட்டாளத்தானோ ஆரோ. ஆரெண்டு உன்ட தங்கச்சி சொன்னாளா?"

"கேட்டன். சொல்லல்ல."

"எப்பிடிச் சொல்லுவாள்?"

சால்வையை ஒரு பக்கம் விலக்கி, வெற்றிலை எச்சிலைத் துப்பினான். அது வேலிக் கதியாலில் பட்டு, மாட்டுக்குக் கரைத்த தவிடு போலப் பழுப்பாய் வழிந்தது. ஊத்தை ஊத்தை என்று கத்துகிறவனின் எச்சிலை அந்த வளவில் யாரும் ஊத்தை என்று சொன்னதில்லை. சீதேவிப்பிள்ளை மட்டும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண்ணகை வாசல்வரை வந்தாள். "அக்கா, நான் போறன். என்னால உங்கட குடும்பம் குழம்ப வேணாம்." பேசியதில் பொருக்கு வெடித்து இரத்தம் கசிந்தது.

"நீ உள்ளுக்கு இரி."

"பாத்தியா, அவளே போறன் எண்டுறாள்," என்றான் நல்லரத்தினம். "செஞ்ச குத்தம் அவளுக்குத் தெரியுது."

கோணாமலையின் தோணி கரையில் முட்டியது. அவன் இறங்கவில்லை. "எங்ககா போகோணும்?"

"படுவான்கரைக்கு, அண்ண. ஆச்சிப்பிள்ளை மாமிட ஊட்ட."

ஆச்சிப்பிள்ளை நல்லரத்தினத்தின் தாய். அந்த யோசனையும் அவனுடையதுதான். "அம்மா மாட்டுக் கொட்டிலுக்குள்ள வெச்சுப் பாப்பா. மறுகா இஞ்ச கிறுகி வரத் தேவல்ல. இந்த ஊத்தை என்ட ஊட்டுக்குள்ள வேணாம்."

"ஊடு எங்கட அம்மா எங்க ரெண்டு பேருக்கும் எழுதினது," என்றாள் சீதேவிப்பிள்ளை.

"அதுக்கு இப்ப என்ன?"

"ஒண்டுமில்ல. சொன்னன்."

கோணாமலை குந்துபலகையைச் சந்தேகமாகப் பார்த்தான். "தோணியில ஒட்டுமா தங்கச்சி? இந்தப் பலகையிலதான் என்ட பொஞ்சாதியும் குந்துறவ."

"பலகையில ஒட்டாது. முத்தம் குடுக்காம இருந்தாச் சரி."

"எனக்கு அவளே குடுத்து மாமாங்கமாச்சு," என்று சிரித்தான் கோணாமலை.

நல்லரத்தினம் சிரிக்கவில்லை. "பகிடி விடுற நேரமா இது? கெதியா ஏத்துங்க."

"ஏத்துறன். விடிஞ்சதில இருந்து நிக்கிறீங்க, ஒரு வெத்தில போடுங்க."

சீதேவிப்பிள்ளை மடியிலிருந்து எடுத்து மடித்து நீட்டினாள். அவன் கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாள் முதலாய் அவனுக்கு வெற்றிலை மடிக்கிற கை. நாலைந்து நாளாகத்தான் தானே மடித்துக்கொண்டான். அவசரத்தில் பிரித்துப் பார்க்காமல் வாய்க்குள் திணித்தான்.

ஒரு கடிதான். அலறிக்கொண்டு குனிந்தான். சால்வை மண்ணில் விழுந்தது. துப்பிய வெற்றிலையும் அதன்மேல் விழுந்தது. அதற்குள், அவன் நாலைந்து நாளாகத் தொடாத சுண்ணாம்பு வெள்ளையாய் அப்பியிருந்தது.

நல்ல வாய் என்றால் அதில் சிவந்திருக்கும். அவனுடையது எரிந்தது. கீழுதட்டிலும் கடைவாயிலும் கொப்புளம், பொருக்கு, நீர் கசியும் புண். கண்ணகைக்கு இருந்த அதே புண், அவளுடையதைவிடப் பழையது.

கோணாமலை கம்பை ஊன்றியபடியே நின்றான். வாசலில் கண்ணகை முதன்முறையாக வாய்விட்டு அழுதாள்.

சீதேவிப்பிள்ளை வாவிப்பக்கம் திரும்பிக் காறித் துப்பினாள். பிறகு சாக்கை உலக்கையால் தோணிக்குள் தள்ளினாள். சாக்கின் கிழிசலுக்குள்ளால் நல்லரத்தினம் இடுப்பில் கட்டுகிற கோடு போட்ட சாரன் எட்டிப் பார்த்தது.

"ஏறுங்க. தோணி உங்களுக்குத்தான்."