ரத்தம் இல்லாத விளையாட்டு

ஓநாய்களின் காட்டில் ஒரே ஒரு மான்தான் மிஞ்சியிருந்தது. மற்ற மான்களையெல்லாம் அந்த ஓநாய்களின் தாத்தாக்கள் கொன்று தீர்த்திருந்தன. ஒருநாள் ஓநாய்க் குட்டிகள் செம்மண்ணை ரத்தமாகப் பூசிக்கொண்டு அந்தக் கொலைகளை விளையாடிக் காட்டின. தலைவர் ஓநாய் பதறி ஓடிவந்தது.

"இனிமே ரத்தம் காட்டக் கூடாது. துரத்துறது ஓநாய்னு சொல்லவும் கூடாது" என்று தடை போட்டது. பிறகு மானிடம், "உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்" என்று குழைந்தது.

"என் தங்கச்சியைக் கொன்னது யாருன்னு அந்த விளையாட்டு ஒண்ணுதான் சொல்லிச்சு" என்றது மான்.

"பழசைக் கிளறாதீங்க" என்று தலைவர் நகர்ந்துவிட்டது.

அடுத்த ஆண்டு புதிதாகப் பிறந்த குட்டிகளும் அதே விளையாட்டை விளையாடின. யாரும் துரத்தவில்லை, மான் வேடம் போட்ட குட்டிகள் தாமாகவே சுருண்டு விழுந்தன. ஆட்டம் முடிந்ததும் ஒரு குட்டி மானிடம் வந்து பரிவோடு கேட்டது:

"அத்தை, உங்க ஆளுங்களுக்கெல்லாம் என்ன நோய் வந்துச்சு?"